அந்தக் காலம் யாருக்கு நல்ல காலம்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நவம்பர் மாதம் இறந்தோரின் மாதம். கடலூர் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அன்று வந்து சேருவார்கள். கல்லறை மந்திரிப்பு முடிந்த பிறகு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேச்சு நடக்கும். எந்தப் பங்குக்குப் போனாலும் அந்தப் பேச்சு ஒரு இடத்தில் வந்து நிற்கும். "அந்தக் காலம் மாதிரி இனி வருமா சாமி?" அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு மாலையில் செபமாலை கேட்கும். பெரியவர்களைக் கண்டால் சின்னவர்கள் எழுந்து நிற்பார்கள். கலப்படமில்லாத சாப்பாடு, பூட்டாத வீடு. இப்போது பார்த்தால் கையில் செல்போன், வாயில் எதிர்ப்பேச்சு. சமுதாயமே கெட்டுப்போய்விட்டது.

திருவிவிலியத்தில் சபை உரையாளர் என்று ஒரு நூல் இருக்கிறது. அதன் 7ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில் ஆசிரியர் இப்படிப் பேசுகிறவரைத் தடுத்து நிறுத்துகிறார். முந்தின காலம் இதைவிட நன்றாக இருந்ததே, அது ஏன் என்று கேட்பது ஞானமுள்ள கேள்வி அல்ல என்பது அவருடைய தீர்ப்பு. அது எழுதப்பட்டு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றைக்கும் மனிதர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது ஏன் ஞானமில்லாத கேள்வி? எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. எகிப்திலிருந்து விடுதலை பெற்று வந்த இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். எகிப்தில் செலவில்லாமல் சாப்பிட்ட மீன் ஞாபகம் வருகிறது. வெள்ளரிக்காய், கொம்மட்டிப்பழம், கீரை, வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்கள். நம் கடற்கரைக்காரர்களுக்கு அந்த மீன் ஏக்கம் நன்றாகவே புரியும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனியுங்கள். செங்கல் அறுத்த கை இல்லை. மேற்பார்வையாளனின் சாட்டை இல்லை. பிறந்த ஆண்பிள்ளைகளையெல்லாம் நைல் நதியில் வீசச் சொன்ன பார்வோன் இல்லை. நாக்கு நினைவில் வைத்திருந்ததை முதுகு மறந்துவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மீனும் உண்மை, வெள்ளரிக்காயும் உண்மை. பாதியைச் சொல்லிவிட்டு முழுக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நாமும் நம் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று பார்க்க நீங்கள் தூரம் போக வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்கே திரும்பிப் போங்கள். பழைய பகுதியில், பெரிய கல்லறைகளுக்கு நடுவே, முழங்கை நீளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பலவற்றில் பெயர்கூட இருக்காது. அவை குழந்தைகளின் கல்லறைகள். பழைய பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் புரட்டினால், சில வார இடைவெளியில் ஒரே பெயர் இரண்டிலும் வரும். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அன்று வழக்கம். 1970களின் தொடக்கத்தில்கூட நம் மாநிலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயது நிறையுமுன் இறந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த எண்ணிக்கை 13. பெரியம்மை இந்தியாவைவிட்டு ஒழிந்ததே 1975இல்தான். அந்தக் காலத்தில் நோயே கிடையாது என்று சொல்லும் பாட்டிமார் தம் அம்மா எத்தனை பெற்று எத்தனையைப் பறிகொடுத்தார் என்று எண்ணிச் சொன்னால் கணக்கு வேறு மாதிரி வரும். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகமே. 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. 2011இல் தமிழ்நாட்டில் அது 73.

இது உடல் சம்பந்தப்பட்ட முன்னேற்றம், ஒழுக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். சரி, மரியாதையையே எடுத்துக்கொள்வோம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டும், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டும் ஒருவன் மேலத்தெரு வழியாக நடந்தான். அதற்கும் மரியாதை என்றுதான் பெயர். அந்த மரியாதை கொஞ்சம் குறைந்தபோது என்ன நடந்தது? 1968ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு. நம் கோவில்களில் குடில் கட்டி, திருப்பலி முடித்து, வீட்டில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போன இரவு. கொள்ளிடத்துக்குத் தெற்கே, அப்போதைய தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணி என்ற ஊரில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். எல்லாரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்து நின்றதும்தான் காரணம். மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். "அந்தக் காலம் நல்ல காலம்" என்ற வாக்கியத்தை அந்த ஊரில் போய்ச் சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

கோவிலுக்கு வெளியே நடந்ததை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. ஆண்டவருடைய கோவிலுக்குள்ளேயே, சாதிக் கிறிஸ்தவர்களையும் தலித் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. தலித் மக்கள் குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள். ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு நடுவில் சுவர் எதற்கு என்பது அவர்கள் வாதம். சுவர் இடிக்கப்பட்டது. மற்றவர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தக் காலத்துப் பக்தியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சுவரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பழைய கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2008 மார்ச்சில், நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ளேயே, எறையூரில், சாதியின் பேரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் மோதி, துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர்கள் போயின. இறந்தவர்களுக்காகச் செபிக்கும் இந்த மாதத்தில் அதை நினைப்பது கசப்பாகத்தான் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன.

அதனால்தான், அந்தக் காலம் நல்லது என்று யாராவது சொன்னால், யாருக்கு நல்லது என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறேன். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். மற்றப் பள்ளிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு, 1915க்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாம் முன்னேறிவிட்டது, புலம்ப ஒன்றுமே இல்லை என்றா சொல்கிறேன்? இல்லை. இழந்தவை உண்டு. உண்மையான இழப்புக்கு ஊர் உண்டு, ஆண்டு உண்டு, காரணம் உண்டு. 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு குடிகாடு, ஈச்சங்காடு பகுதி மக்கள் இரசாயன வாடையோடும் கெட்டுப்போன நிலத்தடி நீரோடும் வாழ்கிறார்கள். முன்பு எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்று அந்த ஊர்ப் பெரியவர் சொன்னால் அது ஏக்கம் அல்ல, சாட்சியம். நெய்வேலியில் நிலக்கரி எடுக்க நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள விவசாயி தன் போர் எத்தனை அடி இறங்கியது என்று ஆண்டுவாரியாகச் சொல்வார். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. இவற்றுக்காக அழலாம், அழவும் வேண்டும். காலம் கெட்டுப்போச்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் மட்டும் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். காலத்தின் மேல் பழியைப் போட்டால் யார்மீதும் வழக்குப் போட வேண்டாம், யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரின் மனைவியிடம் போய் என்ன செய்தி என்று கேட்கக்கூட வேண்டாம். ரொம்ப வசதியான ஒப்பாரி அது.

இளைஞர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தபோது, எந்த ஊரில் அரிசி இல்லை, எந்த ஊரில் பாய் இல்லை என்று தகவல் சொல்லி வண்டிகளைத் திருப்பிவிட்டது நாம் திட்டுகிற அதே செல்போன்தான், அதே இளைஞர்கள்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 2004இல் கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஆழிப்பேரலை வந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாத்தார் தம் மண்டபங்களைத் திறந்துவிட்டு, பக்கத்துக் குப்பங்களின் மீனவ மக்களுக்குச் சமைத்துப் போட்டார்களே, யாருக்கு மறந்திருக்கும்? கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் காலத்தில் நடந்தவைதான் இவை.

ஆனாலும் பிள்ளைகளே, வீட்டில் தாத்தா பழைய கதையைத் தொடங்கினால், மேலே நான் சொன்ன புள்ளிவிவரங்களை அவர்மேல் வீசாதீர்கள். அவர் 1970ஐத் தேடவில்லை. அப்போது உயிரோடிருந்த மனைவியை, கூடக் கட்டுமரம் தள்ளிய சிநேகிதனை, வலிக்காத முழங்காலைத் தேடுகிறார். அது துக்கம். துக்கத்தோடு வாதாடக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். புனித அகுஸ்தீன் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கி.பி. 410இல் உரோமை நகரம் கொள்ளைபோனதைக் கண்ட தலைமுறை அவருடையது. புலம்ப அவர்களுக்கு நம்மைவிட அதிகக் காரணம் இருந்தது. அவரோ, கடந்துபோன நாள்கள் உங்களுடையவை அல்ல என்பதால்தான் அவை உங்களுக்கு நல்லவையாகத் தெரிகின்றன என்ற கருத்தில் மக்களுக்கு மறையுரை ஆற்றினார். 1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கிவைத்த திருத்தந்தை புனித 23ஆம் யோவானும், எங்கும் அழிவையே பார்த்து, முற்காலத்தோடு ஒப்பிட்டுக் குறைசொல்லும் ஆள்களோடு தம்மால் ஒத்துப்போக முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது எண்பது!

எஸ்ரா நூலின் 3ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் புதிய கோவிலுக்கு அடித்தளம் போடுகிறார்கள். இளைஞர்கள் ஆனந்தத்தில் ஆர்ப்பரிக்கிறார்கள். பழைய கோவிலைக் கண்ணால் கண்ட முதியவர்களோ வாய்விட்டு அழுகிறார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியவில்லையாம். அந்த முதியவர்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அவர்கள் அழுத அந்தப் பழைய கோவிலுக்காக அரசர் சாலமோன் முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார் என்று அரசர்கள் முதல் நூல் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே கோவிலைக் கள்வரின் குகையாக்கிவிட்டீர்கள் என்று இறைவாக்கினர் எரேமியா அதன் வாசலில் நின்று கண்டித்தார். கண்ணீருக்குள் இவை இரண்டும் கரைந்துபோய்விட்டன.

அடித்தளம் போட்ட பிறகு எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றே கிடந்தது. அப்போது வந்தவர் இறைவாக்கினர் ஆகாய். இந்தக் கோவிலின் முன்னைய மகிமையைப் பார்த்தவர் உங்களில் எவராவது இருக்கிறீர்களா என்று முதியவர்களைக் கேட்டார். அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. திடன்கொள்ளுங்கள், வேலையைத் தொடங்குங்கள், ஆண்டவர் உங்களோடு இருக்கிறார், இனி வரும் மகிமை முந்தினதைவிடப் பெரிதாயிருக்கும் என்பதுதான் அவர் கொண்டுவந்த செய்தி. அழுதவர்களில் எத்தனை பேர் கல் சுமந்தார்கள், ஆர்ப்பரித்தவர்களில் எத்தனை பேர் சுமந்தார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் கோவில் எழுந்து நின்றது.