யானை திரும்பிய வட்டை

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்திலே மூத்தவர் ஒருவர் எழுந்து, யானைகளையெல்லாம் துரத்தி மாதுறு ஓயாக் காட்டினுள் அடைத்துவிடும்படி அரசாங்கத்துக்குத் தீர்மானம் அனுப்பவேண்டும் என்று கேட்டார். அவருடைய மருமகனை யானை அடித்தது நாம் யாவரும் அறிந்ததே. ஆதலின் அன்று எம்மில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இன்று பேசுகிறோம். அவர் முன்வரிசையில் இருக்கிறார் என்பதை அறிந்தே பேசுகிறோம்.

யானை எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் காலத்திலே யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமேர்சன் ரெனன்ற் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். பின்னர் 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அதன்பின் மகாவலி வந்தது. காடு குளமாயிற்று, வயலாயிற்று. இடமிழந்த விலங்குகளுக்கென்று 1983 இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது.

நிற்க. 1990 இலும் 2007 இலும் படுவான்கரை மக்கள் ஊர்விட்டு ஓடினோம். வட்டைகள் தரிசாயின, தரிசு பற்றையாயிற்று, பற்றையில் யானை வந்து தங்கியது. யானைக்கு முதிர்ந்த பெருங்காடுதான் பிடிக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படியன்று. பெருமரக் காட்டிலே இலையெல்லாம் உச்சியில். தும்பிக்கைக்கு எட்டுவது கொஞ்சமே. புல்லும் இளங்கொடியும் நிறைந்த பற்றையும் கைவிட்ட சேனையுமே அதற்கு நல்ல மேய்ச்சல். நாம் திரும்பி வந்தபோது, அங்கே பிறந்த கன்றுகள் எமது வரம்பிலே நின்றன. யார் வீட்டுக்குள் யார் நுழைந்தார் என்று வழக்காடினால் இரு பக்கமும் சாட்சி உண்டு!

இனி, துரத்துவதைப் பற்றி. வெடி கொளுத்தித் துரத்தினால் ஓடுவது தாயும் கன்றும் கொண்ட கூட்டமே. வேளாண்மையை அழிப்பது பெரும்பாலும் தனித்துத் திரியும் ஆண் யானை. அது பற்றைக்குள் ஒதுங்கி நின்று, மறுநாள் இரவே வந்துவிடும். வனத்துள் அடைபட்ட கூட்டமோ தீனியின்றி மெலிகிறது. இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் பெரும்பகுதி மனிதர் குடியிருக்கும் நிலமே என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 5,879 யானைகள். அத்தனையையும் அடைக்க எந்த வனத்தில் இடமிருக்கிறது?

2019 ஆம் ஆண்டில் மாத்திரம் 400 க்கு மேற்பட்ட யானைகளும் 100 க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். துவக்கு, பழத்துள் வைத்த வெடி, மின்கம்பத்திலிருந்து களவாக இழுத்த கம்பி, இவையெல்லாம் இரு கணக்கிலும் ஆளைச் சேர்க்கின்றன. களவுக் கம்பியில் யானை மட்டுமா சாகிறது? இரவில் வெளியே இறங்கிய பக்கத்து வளவுப் பிள்ளையும் சாகலாம். இதை நாம் கடுமையாகவே சொல்லுகிறோம். எமது சங்கத்து அங்கத்தவர் வளவிலும் அத்தகைய கம்பி கிடந்தது.

கல்கமுவப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் செய்தது வேறு. யானைவேலியை வனத்தின் எல்லையிலே போட்டால் அதற்கு இரு புறமும் யானை நிற்கும். பழுதானால் பார்க்க ஆளில்லை. அவர்கள் குடிமனையைச் சுற்றி நிரந்தர வேலியும், வயலைச் சுற்றிப் பருவ வேலியும் போட்டார்கள். விதைக்கும்போது கட்டி, அறுவடையானதும் கழற்றிவிடுவார்கள். பின்பு ஒட்டுத்தாளை யானை மேய்ந்துகொள்ளும். சூரிய ஒளியில் ஓடும் அவ்வேலி விட்டுவிட்டு மின்னை அடிக்கும். அது அதிர்ச்சி தரும், கொல்லாது. அமெரிக்காவில் யெலோஸ்ரோன் வனத்துக்கு 1995, 1996 ஆம் ஆண்டுகளில் 31 ஓநாய்களைக் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டபோதும், அயலிலுள்ள பண்ணைக்காரரோடு பேசுவதே பெரும்பாடாயிற்று. விலங்கைக் கொண்டுவருவது ஒரு நாள் வேலை.

சென்ற மாரியில் நாமும் ஒரு வட்டையில் இதைச் செய்துபார்த்தோம். வெற்றி என்று சொல்லமாட்டோம். தந்திக் கம்பியிலே புல் முட்டினால் மின் நிலத்துக்கு இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கண்டத்துக்காரரும் தத்தம் பங்குக்குப் புல் வெட்டவேண்டும். ஒருவர் வெட்டவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பட்டினத்து ஆசுபத்திரியில் நின்றார். யானை அந்த இடத்தாலேயே வந்தது. கொம்பிலே மின் பாயாது என்பதை அறிந்த கிழட்டுக் கொம்பன், கம்பியைக் கொம்பால் தூக்கிவிட்டு நுழைந்தது. ஒன்றரை ஏக்கர் போயிற்று. மறுநாள் வாய்க்காலோரத்தில் நடந்த சண்டை யானைச் சண்டையிலும் பெரிது. எனினும் மற்றைய வயல்கள் தப்பின. பரணிலே விழித்திருந்த இரவுகளும் குறைந்தன. எம்முள் மூவர் அவ்வாண்டு பரீட்சைக்குப் படித்ததே அதனால்தான்.

அறுவடை முடிந்ததும் கட்டைகளைக் கழற்றினோம். அன்று மாலையே தாயும் கன்றுமாக ஐந்து உருப்படிகள் ஒட்டுக்குள் இறங்கி மேய்ந்தன. முன்னே குறித்த பெரியவர் வரம்பிலே நெடுநேரம் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெடி கொளுத்தவும் இல்லை. அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்று கேட்க எமக்கு உரிமையில்லை.

ஆகையால் அந்தத் தீர்மானத்தை அனுப்பாதிருக்கும்படி சபையை வேண்டுகிறோம். அதற்குப் பதிலாக, வரும் மாரிக்குப் புல்வெட்டும் முறைப்பட்டியலை வட்டைவிதானையாரிடம் கொடுத்திருக்கிறோம். நோயாளி வீட்டுப் பங்கைச் சங்கத்து இளைஞர் வெட்டுவார்கள். கிழக்குப் பக்கத்துக்கு இன்னும் நான்கு பேர் தேவை. கூட்டம் கலையுமுன் பெயர் தாருங்கள்.