முதுகைப் படம் பிடித்தால் வலு தெரியுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். எம்.ஆர்.ஐ. படங்களைக் கணக்கிடும் மென்பொருள் எழுதுவது என் வேலை. "நீ டாக்டரா? முதுகைப் பற்றி உனக்கென்னப்பா தெரியும்?" என்று கேட்டுவிடாதீர்கள். இதில் பாதி நம்ம கணக்குதான்.

முதுகெலும்பை ஒட்டி இரு பக்கமும் மல்டிஃபிடஸ், எரெக்டர் ஸ்பைனே என்ற தசைகள் இருக்கின்றன. குனிந்து எழுவதெல்லாம் இவற்றின் தயவில்தான். வயது ஏற ஏற, உழைப்பு குறையக் குறைய, இவற்றுக்குள்ளே கொழுப்பு புகுந்துகொள்கிறது. அதிலும் இடுப்பின் அடிப்பகுதியில் அதிகம். கறிக்கடையில் கொழுப்போடு சேர்த்து நிறுத்துப் போட்டால் எடை இருக்கும், கறி இருக்காது இல்லையா? அதே கதைதான். குறுக்குவெட்டில் 10 சதுர செ.மீ. தெரியும் தசையில் 30 சதவீதம் கொழுப்பு என்றால், வேலை செய்கிற சதை 7 சதுர செ.மீ.தான்.

சரி, எப்படிப் பிரிப்பது? எம்.ஆர்.ஐ. பார்ப்பது ஹைட்ரஜனின் அணுக்கருவை. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் அது பம்பரம் போலத் தலையாட்டிக்கொண்டு செகண்டுக்குச் சுமார் 6.4 கோடி சுற்று சுற்றும். கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜன், தண்ணீரில் இருப்பதைவிடச் சுமார் 220 சுற்று பின்தங்கும். நம் மைதானத்தைச் சுற்றி ஓடும் இரண்டு பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கொஞ்சம் மெதுவு. ஒரு சமயம் எதிரெதிரே இருப்பார்கள், பிறகு மறுபடி ஒன்றுசேர்வார்கள். இங்கே சுமார் 2.3 மில்லி செகண்டில் எதிரெதிர், 4.6-இல் ஒன்றாக. ஒன்றாக இருக்கும்போது எடுத்த படம் நீர் கூட்டல் கொழுப்பு; எதிரெதிராக எடுத்தது நீர் கழித்தல் கொழுப்பு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நீர், கழித்துப் பாதியாக்கினால் கொழுப்பு. பள்ளிக்கூடச் சமன்பாடு சார்! டிக்சன் என்பவர் 1984-இல் வெளியிட்ட வழி இது. உடம்புக்குள் காந்தப்புலம் ஒரே சீராக இருக்காது என்பதால் கூடுதல் படம் எடுத்துத் திருத்த வேண்டும். எங்களுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

இனி வலு. வாடிக்கையாளர் ஒருவர், "கொழுப்புச் சதவீதத்தின் பக்கத்திலேயே 'முதுகின் வலு' என்று ஒரு நம்பரும் அச்சாகட்டுமே, பார்க்க நன்றாயிருக்கும்" என்றார். நான் மறுத்துவிட்டேன். கொழுப்பு கூடினால் வலு குறைகிற போக்கு பல ஆய்வுகளில் தெரிவது உண்மைதான். ஆனால் வயது இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறது. வலிக்குப் பயந்தவர் முழுப் பலத்தையும் காட்டமாட்டார். தசையை ஏவும் நரம்பின் வேகம் இந்தப் படத்தில் வராது. உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் வலு ஏறுவதே பெரும்பாலும் நரம்பின் பழக்கத்தால்தான்; படத்தில் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த நேரம் பார்த்து 'வலு குறைவு' என்று ஒரு தாளை நீட்டினால் அந்த மனிதர் பயிற்சியை விட்டுவிடமாட்டாரா? வலு தெரிய வேண்டுமானால் ஆளை இழுக்கச் சொல்லி விசைமானியில்தான் பார்க்க வேண்டும்.

இதனால் அந்த ஆர்டர் கொஞ்ச நாள் இழுத்தடித்தது. முடிவில் கொழுப்புச் சதவீதம் மட்டும் அச்சாகிறது. பக்கத்தில், பிசியோதெரபிஸ்ட் விசைமானி அளவைக் கையால் எழுத ஒரு காலிக் கட்டம் விட்டிருக்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். கேள்வி உள்ள மாணவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.