அப்பாவின் மாத்திரைக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும் என்று லேசாக மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க வேலை, சம்பளம், ஓஎம்ஆர் வாடகைன்னு பேசுவோம். இன்னைக்கு எங்க அப்பாவைப் பத்திப் பேசப்போறேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். "எம்பேரு மட்டும் வேண்டாம்லே. மத்ததச் சொல்லு, யாருக்காவது ஆகும்"னார்.

அப்பாவுக்கு 63 வயசு. தென்காசியில ஒரு ரைஸ் மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி, குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்த டெஸ்ட் எடுத்தாங்க. வெள்ளை அணுக்கள் சாதாரணமா 4,000லேர்ந்து 11,000 வரைக்கும் இருக்கும். அவருக்கு 1,40,000. ஒரு பூஜ்யம் கூட விழுந்திருக்கும்னு நினைச்சேன். விழலை.

நோயோட பேர் சி.எம்.எல். ரத்தப் புற்றுநோயில ஒரு வகை. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாத்திக்கிடும். அதுல பி.சி.ஆர்-ஏ.பி.எல்.ன்னு ஒரு புது ஜீன் உண்டாகும். அது செய்யுற புரதம், 'பெருகு, பெருகு'ன்னு செல்லுக்கு ஓயாம ஆர்டர் போடும். நம்ம பாஷையில, நிறுத்தக் கண்டிஷனே இல்லாத லூப். இமாடினிப்ங்கிற மாத்திரை அந்தப் புரதத்தை அடைச்சுடும். 2001ல அமெரிக்காவுல இதுக்கு அனுமதி கிடைச்சது. இன்னைக்கு இந்த வகை மாத்திரைகளை ஒழுங்காப் போடுறவங்கள்ல பெரும்பாலானவங்க, ஏறக்குறைய மத்தவங்க வாழுற அளவுக்கே வாழுறாங்க.

இந்த மாத்திரைக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கு. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998ல 'கிளிவெக்' மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தைப் போட்டது சென்னை அலுவலகத்துலதான். 2006 ஜனவரியில அது நிராகரிக்கப்பட்டது. அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம்னு போய், கடைசியா 2013 ஏப்ரல் 1 அன்னைக்கு உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாதுன்னு சொல்லிருச்சு. ஏற்கெனவே இருக்கிற மருந்தோட புது வடிவம்னா, அதோட பலன் கூடியிருக்கணும். அது நிரூபணமாகலைங்கிறதுதான் காரணம். அந்தச் சமயத்துல கிளிவெக் ஒரு மாசத்துக்கு 1,20,000 ரூபாய் பக்கம். நம்ம ஊர் கம்பெனிகள் செஞ்சது 10,000 ரூபாய்க்குள்ள. கிளிவெக்கை நிறைய பேருக்கு நோவார்ட்டிஸ் இலவசமாக் கொடுத்ததும் உண்மை. ஆனா ஒரு மில் கணக்குப்பிள்ளை, யார்கிட்டயும் கையேந்தாம ஃபார்மசியில வாங்குற விலைக்கு அது வந்ததுல அந்த வழக்குக்குப் பெரிய பங்கு இருக்கு.

சரி, மாத்திரை கிடைச்சாச்சு. பிரச்சினை அதுக்கப்புறம்தான்.

நான் இன்ஜினியர் இல்லையா? உடனே ஒரு ஷீட் போட்டேன். அப்பா போன்ல ராத்திரி எட்டரைக்கு அலாரம் அடிக்கும். மாத்திரை போட்டதும் அவர் ஒரு டிக் அடிக்கணும். சோழிங்கநல்லூர்ல உட்கார்ந்து பச்சைக் கட்டங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒன்றரை வருஷத்துல அந்த ஜீனோட அளவு 0.08 சதவீதத்துக்கு வந்துச்சு. 0.1க்குக் கீழே வர்றதுதான் டாக்டர்கள் எதிர்பார்க்கிற பெரிய மைல்கல். ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த ரெண்டு டெஸ்ட்ல 0.4. அப்புறம் 1.2.

டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "மருந்து வேலை செய்யலைன்னா மரபணு மாற்றம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணணும், வேற மருந்துக்கு மாறணும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அப்பா மாத்திரை போடுறாரா?"

"தினமும் போடுறார் சார், டேட்டா இருக்கு"ன்னேன். எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா!

அந்த வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மாகிட்ட கேட்டதும் பீரோ மேல இருந்த பிஸ்கட் டின்னை இறக்கிக் கொடுத்தாங்க. உள்ள பிரிக்காத அட்டைகள். எண்ணினேன். 41 மாத்திரை.

கோபம் தலைக்கேறுச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் பேசலை. மறுநாள் விடியக்காலையில அவரே "பழைய குற்றாலம் போவோமா"ன்னார். ஆடி மாசச் சாரல். கூட்டம் சேருறதுக்கு முன்னாடி போயிட்டோம். குளிச்சுட்டு, துண்டால தலையைத் துவட்டிக்கிட்டே அவராச் சொன்னார்.

"போட்டா ராத்திரி பூரா கெண்டைக்கால் இழுக்குலே. குமட்டுது. காலையில கண்ணு ரெண்டும் வீங்கிருது. போடாத அன்னைக்கு நல்லா இருக்கு. நல்லா இருக்கும்போது எதுக்கு மருந்து?"

"அப்புறம் ஏம்ப்பா டிக் அடிச்சீங்க?"

"நீ ஆபீஸ்ல பயந்துக்கிட்டு இருப்பேல்லா. அதான்."

அருவிச் சத்தத்துல எனக்கு அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. ஷீட் என் பயத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு, அவர் காலை இல்லை. ஒன்றரை வருஷமா தினமும் "போட்டாச்சா"ன்னு கேட்டிருக்கேன். "போட்டா என்ன செய்யுது"ன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்னொண்ணும் சொன்னார்: யாரோ சொன்னாங்கன்னு ஒரு கஷாயமும் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கார்.

2010ல லண்டன்ல 87 சி.எம்.எல். நோயாளிகள்கிட்ட ஒரு ஆய்வு பண்ணினாங்க. மருந்து பாட்டில் மூடியில ஒரு சிப். எப்பத் திறந்தாலும் பதிவாகும். 90 சதவீதத்துக்கு மேல மாத்திரை போட்டவங்கள்ல, ஆறு வருஷத்துல அந்த 0.1 மைல்கல்லைத் தொடுற வாய்ப்பு 94 சதவீதம். அதுக்குக் கீழே போட்டவங்களுக்கு 28 சதவீதம். அதாவது மாசத்துல மூணு, நாலு நாள் விட்டாலே கதை மாறுது. நம்பரைக் காட்டினதும் அப்பா சொன்னார்: "கணக்கு உதைக்குதுன்னா எங்கயோ பதியாம விட்டிருக்கோம்னு அர்த்தம்."

மறுபடி டாக்டர்கிட்ட போனோம். இந்தத் தடவை அப்பாவைப் பேசவிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ராத்திரி நல்லா சாப்பிட்டுட்டு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணியோட போடச் சொன்னார், குமட்டல் குறைஞ்சுது. கால் இழுப்புக்கும் வழி சொன்னார். கஷாயத்தை நிறுத்தச் சொல்லிட்டார். கல்லீரல் இந்த மாத்திரையைக் கரைக்கிற அதே பாதையில பல மூலிகைகளும் குறுக்கிடலாமாம்.

ஷீட்டை அழிச்சுட்டேன். அப்பா ஒரு பழைய பேரேட்டுல அவரே எழுதுறார். தேதி, மாத்திரை, பக்கத்துல 'கால் இழுப்பு', 'தூக்கம் நல்லது' மாதிரி ஒரு வரி. ரெண்டு நாள் 'போடவில்லை'ன்னும் எழுதியிருக்கார். எனக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடிச்சது. அந்த நோட்டுல பொய் இல்லை.

மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தோம். 0.3. இன்னும் 0.1க்குக் கீழே வரலை. அடுத்த டெஸ்ட் வரப்போகுது. இந்த எபிசோடுக்கு இனிப்பான முடிவு எதுவும் என்கிட்ட இல்லை.

வீட்டுல யாராவது நீண்ட நாள் மாத்திரையில இருந்தா, மூணு விஷயம். நல்லா இருக்குன்னு தானா நிறுத்தக்கூடாது, சி.எம்.எல்.ல சிலருக்கு டாக்டரே ஒரு கட்டத்துல நிறுத்திப் பார்ப்பார், அது அவர் டெஸ்ட் பார்த்து எடுக்கிற முடிவு. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டாப் போடக்கூடாது. அப்புறம் இன்னைக்கு ராத்திரி போன்ல "போட்டாச்சா"ன்னு கேக்காம, "உடம்புக்கு எப்படி இருக்கு, சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவங்க பேசுவாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.