அது வந்து, பாருங்கோ…

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறிப் பேசப் பழகியது நாம் படித்த காலத்தில்தான். தமிழ்த் தினப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் நாட்களில் ஆசிரியை கடைசி வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். 'வந்து' என்று ஒருமுறை சொன்னால் கொப்பியில் ஒரு கோடு விழும். ஐந்து கோடு விழுந்தால் பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எம்மிற் பலர் அப்படித்தான் பேசக் கற்றோம். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறோம்.

ஆனால் எம்மில் ஒருத்தி அந்தக் கோடுகளுக்குப் பயந்தே மேடையை விட்டாள். பிறகு வகுப்பிலும் கை உயர்த்துவதைக் குறைத்துக்கொண்டாள். அண்மையில் தொலைபேசியில் கதைத்தபோது, "இப்பவும் நாலு பேருக்கு முன்னாலை வாய் திறந்தால் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வருது" என்றாள். அன்று முதல் எமக்கு ஒரு கேள்வி. 'வந்து' உண்மையிலேயே குற்றமா?

எங்கள் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்போம். திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வந்த அக்கா கதை சொல்கிறா: "என்னெண்டால், நேற்று நான் சந்தைக்குப் போனன் கண்டியளே, அங்கை வந்து… இவ… மற்ற… சங்கக்கடை மனேச்சற்றை மனிசி நிண்டவ."

இதில் எது வீண்? 'என்னெண்டால்' என்றதும் ஒரு கதை வரப்போகிறது என்று நிமிர்ந்து இருக்கிறோம். 'கண்டியளே' என்பது, நீங்கள் என்னோடு வருகிறீர்களா என்று பார்ப்பது. 'வந்து' என்பது, நான் இன்னும் முடிக்கவில்லை, இடையிற் புகாதேயுங்கோ என்பது. 'இவ… மற்ற' என்று இழுப்பது, பெயர் வாய்க்குள் நிற்கிறது, தெரிந்தால் எடுத்துத் தாருங்கோ என்று கேட்பது. சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான். அதைக் கேட்பவர் கையில் கொண்டுவந்து சேர்ப்பவை இந்தச் சின்னச் சொற்கள்.

எமது இலக்கணகாரர் இத்தகைய சொற்களை ஒதுக்கவில்லை. தொல்காப்பியர் இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது, அசைநிலையாக வருவன, இசை நிறைக்க வருவன என்று இவற்றுக்கு இடம் கொடுத்தார். மியா, இக, மோ, மதி, இகும், சின் என்னும் ஆறையும் முன்னிலை அசைச்சொல் என்று தனியே பிரித்தும் வைத்தார். 'கேண்மதி' என்பதில் 'மதி'யை எடுத்துவிட்டாலும் 'கேள்' என்ற பொருள் போய்விடாது. ஆனால் அந்த 'மதி' எதிரில் இருப்பவரை நோக்கி நிற்கும் சொல். அவை செய்யுளில் வருவன, எங்கள் 'பாருங்கோ' அடுப்படியில் வருவது; இரண்டும் ஒன்றென்று நாம் வாதிடவில்லை. கேட்பவருக்காகவே ஒரு சொல் வரலாம் என்பதைப் பழையவர்கள் கண்டிருந்தார்கள் என்பதே எமக்கு வேண்டியது. அந்தச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும் தம் குறிப்புகளோடும் 1938 இல் பதிப்பித்துத் தந்தவர் எங்கள் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் என்பதும் எமக்குப் பெருமை.

இன்றைய ஆய்வுகள் காரணத்தையும் காட்டுகின்றன. 2009 இல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டு மற்றவர் மறுமொழி தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு அளவே இருந்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே அரைச் செக்கனுக்கு மேல் எடுக்கும். வாய் முந்துகிறது, சொல் பிந்துகிறது. அந்த இடைவெளிக்குப் போடும் பாலமே 'அது வந்து'. பாலம் இல்லாவிட்டால், முடித்துவிட்டார் என்று நினைத்து மற்றவர் தொடங்கிவிடுவார். ஆங்கிலத்தில் 'அ' என்றால் சிறு தாமதம், 'அம்' என்றால் சற்று நீண்ட தாமதம் என்று கிளார்க், ஃபொக்ஸ் ட்ரீ என்னும் இருவர் 2002 இல் எழுதினார்கள். அப்படியானால் அவை தடுமாற்றம் மட்டுமல்ல, அறிவித்தலும்தான்.

கேட்பவர் பக்கத்திலும் ஒரு சொல் உண்டு. அம்மம்மா கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். "பிள்ளை, நித்திரையோ?" என்பா. அந்த 'ம்'மில் அரைவாசிக் கதை இருந்தது.

மேடை வேறுதான். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த பேச்சு மரபு எங்களுடையது. மேடையில் முறை பறிக்க எவரும் இல்லை. ஆயத்தம் செய்தவருக்குப் பாலமும் அதிகம் வேண்டியதில்லை. ஆசிரியை கோடு போட்டது அதற்கு. மேடைக்குரிய அளவுகோலை நாம் வகுப்பறைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோனதே பிழை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் எம்மிற் பலர். பிறகு நாட்டுக்கொருவராகச் சிதறினோம். நிமிடத்துக்குக் காசு கட்டித் தொலைபேசியிற் கதைத்த காலத்திலும் அம்மாமார், "ஓம் பிள்ளை, பின்னை, வேறை என்ன…" என்பதை விடவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன சொற்கள் அவை.

இன்று பேரப்பிள்ளைகள் எம்மோடு தமிழிற் கதைக்க முயல்கிறார்கள். 'லைக்' என்று இழுத்து, ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுகிறார்கள். நாம் அவசரப்பட்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அல்லது சிரிக்கிறோம். அடுத்த முறை பிள்ளை ஆங்கிலத்திற் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வயது போன எம் ஆசிரியைகளுக்கும் இதையே செய்கிறோம். அவர் தேடும் பெயரை நாம் முந்திச் சொல்லி அவருடைய கதையை முடித்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுப்போம். கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்போம். தமிழ்ப் பாடசாலைகளில் திருக்குறளோடு 'அது வந்து' என்பதையும் பிள்ளைகளின் காதில் விழவைப்போம். தேடும்போதும் தமிழிலேயே தேடுகிற பிள்ளைக்கு மொழி தங்கிவிடும்.

மேடையை விட்ட எம் தோழியிடம் இந்த மலருக்கு எழுதித் தரக் கேட்டோம். "அது வந்து…" என்று இழுத்தாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தோம். கடைசியில், "ஓம், எழுதுறன்" என்றாள்.