கையால் அடித்த மட்கார்டு

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1949 முதல் பூட்டித் தந்த ஆஸ்டின் ஏ-40 காரை உங்களுள் முதியோர் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வண்டியொன்று சித்தூரில் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. அதன் வலப்புற முன் மட்கார்டு துருவேறி உதிர்ந்துபோயிற்று. ஃபைபரில் வார்த்துப் பட்டி பூசி இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்றான் எங்கள் இளையவன். தகட்டில் அடித்தே ஆகவேண்டும் என்றோம் மற்றவர்கள்.

காரணம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பெற்ற ஏற்பாட்டின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம், கட்டணம் ரூ. 20,000. ஆனால் வண்டி மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும்; சேஸிஸும் கூடும் எஞ்சினும் மாற்றப்பெற்றிருத்தல் கூடாது.

சித்தூரில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் முதிய மேஸ்திரியாரை நாடினோம். பட்டறையில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். நாம் தகடு என்பதை அவர்கள் ரேகு என்பர். சுத்தி மட்டும் இரு மொழியிலும் சுத்திதான்! சென்னையில் 1840இல் குதிரைவண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினாரே, அக்காலத்துக் கைத்தொழிலின் வழிமுறை இன்றும் அதிகம் மாறவில்லை.

மேஸ்திரியார் இடப்புற மட்கார்டின்மேல் தாளைப் பரப்பி அச்செடுத்தார். தாளைப் புரட்டினால் இடம் வலமாகிவிடுகிறது. மரச்சட்டங்களால் வளைவுக்கு ஓர் எலும்புக்கூடு செய்தார். பின்னர் மணற்பையின்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் குழித்தார். நடுப்பகுதி விரிய விரிய ஓரங்களில் புடவைக் கொசுவம்போல் சுருக்கங்கள் எழுந்தன. அவற்றைக் காய்ச்சி உள்ளடக்கி அடிக்கவேண்டும். வெட்டியெறிந்து ஒட்டுவது சோம்பேறியின் வழி என்பது அவர் கட்சி. அடிக்க அடிக்க இரும்பு இறுகும். செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகும். இறுதியில் அடியில் டாலியை ஏந்தி மேலே சுத்தியால் சமன் செய்தார். தகடு இரண்டுக்கும் நடுவே சரியாக அகப்பட்டால் கணீரென்னும். விலகினால் மந்தமாக ஒலிக்கும். கண்ணைவிடக் காதையே அவர் அதிகம் நம்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பொருத்திப் பார்த்தோம். இருபுறமும் ஒன்றுபோலவே இருந்தன. ஆயினும் எங்கள் பெரியம்மா, "மணக்கோலத்தில் நான் இறங்கிய வண்டி இப்படி மூக்குச் சிந்திக்கொண்டிருக்கவில்லையே!" என்றார். திருமணப் படத்தைத் தேடியெடுத்தோம். அவர் சொன்னது உண்மை! விளக்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. மேஸ்திரியார் இடப்புறத்தில் காந்தத்தை வைத்தார். ஓரிடத்தில் அது ஒட்டவில்லை. வண்ணத்தின் கீழே கனத்த பட்டி! என்றோ மோதி நசுங்கியதை யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள். அந்தப் பிழையைத்தான் நாங்கள் பொன்போல் படியெடுத்திருந்தோம்.

அப்படியே விட்டுவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்றான் இளையவன். மேஸ்திரியார் மறுமொழி கூறாமல் புதிய மட்கார்டைக் கழற்றித் தரையில் வைத்தார். இரண்டையும் திருத்த மேலும் ஒரு மாதம் பிடித்தது, கூலியும் இரட்டித்தது. இரண்டாம் மாதக் கூலியில் பாதியை அவர் பெற மறுத்தது எங்களுக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

வண்ணம் உலர்ந்ததும் திருப்பதிக்குச் சென்றோம். மலைப்பாதையில் முதியவளை ஏற்றி வருத்துவானேன் என்று வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, பெரியம்மாவுடன் பஸ்ஸில் மலையேறினோம்.