கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, வேலை கொடுப்பவருக்குத் தெரியும்

(ஊத்துக்குளியில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மென்பொருள் வேலையைப் பற்றியும், இப்போது எல்லோரும் பேசுகிற 'கிளவுட்' பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சாதி ஒழிப்பு மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி சொல்வார்கள்: "அண்ணா, கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது." உண்மைதான். ஆனால் யாருக்கு வேலை, யாருக்குப் பதவி உயர்வு, ஆள் குறைக்கும்போது யார் பெயர் பட்டியலில் ஏறும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் மனிதர்கள். அவர்களுக்குச் சாதி நன்றாகத் தெரியும்.

முதலில் கிளவுட் என்றால் என்ன? நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். திருப்பூரில் ஏற்றுமதி செய்கிறவர் எல்லோரும் நிட்டிங் மெஷினும் சாயப்பட்டறையும் சொந்தமாக வைத்திருப்பதில்லை. நூலை வாங்கி ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் இல்லாத மாதத்தில் மெஷின் சும்மா கிடக்கிற நட்டம் அவருக்கு இல்லை. கிளவுடும் இதுதான். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் ஏ.சி. அறை கட்டி, சர்வர்களை வாங்கி அடுக்கி, பார்த்துக்கொள்ள ஆள் வைத்தது. 2006இல் அமேசான் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, மும்பை, சென்னையில் தன் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது. இன்று வங்கி முதல் பனியன் கம்பெனிக் கணக்கு வரை வாடகைக் கணினியில் ஓடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது சர்வர் அறைக் காலத்தில். பகலில் நிரல் எழுதுவோம். பக்கத்து அறையில் சர்வர் பார்க்கிறவர், பேக்கப் எடுக்கிறவர், நெட்வொர்க் கேபிள் இழுக்கிறவர், கையால் சோதனை செய்யும் டெஸ்டர் என்று நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் சிறு நகரத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். தமிழ்நாட்டில் 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது, 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. அதனால் கைமடியாகவும் செக்கிங்குக்கும் போன பெற்றோரின் பிள்ளைகள் பொறியாளர்கள் ஆனார்கள். அவர்களில் பலர் இந்தத் துறைக்குள் ஏறி வந்த முதல் படி அந்தப் பக்கத்து அறைதான்.

கிளவுட் வந்ததும் அந்த அறை காலியானது. பத்துப் பேர் ஒரு வாரம் செய்த வேலையை ஒருவர் பத்து வரி நிரல் எழுதி அரை மணி நேரத்தில் முடிக்கிறார். இதை நான் குறை சொல்லவில்லை. எந்திரம் வந்து உழைப்பைக் குறைப்பதைப் பெரியார் வரவேற்றார், நாமும் வரவேற்கிறோம். நம் கேள்வி வேறு. முதல் படியை எடுத்துவிட்டு இரண்டாவது படியில் நேராகக் கால் வைக்கச் சொன்னால், யாரால் முடியும்?

கிளவுட் கற்றுக்கொள்ள அமேசானில் கணக்குத் தொடங்க வேண்டுமானால் வங்கிக் கணக்கோடு இணைந்த பணம் செலுத்தும் வழி ஒன்று வேண்டும். நடுத்தர நிலைச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றுக்கு 150 டாலர். செக்கிங் வேலைக்குப் போகிற ஓர் அம்மாவின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். முதல் தடவை தேறாவிட்டால் மறுபடியும் கட்ட வேண்டும். இதற்கும் மேலே 'ரெஃபரல்' இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைப்பார். தெரிந்தவர் யார்? அண்ணன், மச்சான், ஒரே விடுதியில் இருந்தவர், ஒரே சங்கத்தின் கல்யாண மண்டபத்தில் சந்தித்தவர்.

இது நமக்குப் புதிதில்லை. திருப்பூரின் பனியன் தொழிலை ஆராய்ந்த சரத் சாரி என்பவர் 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். காட்டிலும் பட்டறையிலும் வேலை செய்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் உழைத்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பட்டறையில் அதே அளவு உழைத்த அருந்ததியர் ஏன் முதலாளி ஆகவில்லை? உழைப்போடு சேர்ந்து சொந்தபந்தமும் நிலமும் கடன் கொடுக்க ஆளும் வேண்டியிருந்தது. ஜாப் ஒர்க் உலகில் யாருக்கு நூலைக் கடனாக நம்பிக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்தது எதுவோ, அதுதான் இன்று ரெஃபரல் என்ற பெயரில் மென்பொருள் துறையில் இருக்கிறது.

அடுத்தது பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. அதனால்தான் நம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. வடக்கே அப்படியில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவு இது: உயர்த்தப்பட்ட சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

நமக்கு அந்தப் பட்டம் இல்லாததால் வேறு வழியில் விசாரிப்பார்கள். "சர்நேம் என்ன?" என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால், "அது சரி, எந்த ஊர்?" என்பார்கள். ஊத்துக்குளி என்றால், "ஊத்துக்குளியில் எந்தப் பக்கம்?" 2020இல் கொரோனா வந்து வேலை வீட்டுக்கே வந்தபோது இது இன்னும் கூடியது. மடிக்கணினி கூரியரில் வீட்டுக்கு வருகிறது. முகவரி சரிபார்க்க ஆள் வருகிறார். அவர் டீக்கடையில் வழி கேட்டால், "அது காலனிங்க" என்று பதில் வருகிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததை நாம் வரவேற்கிறோம். டீக்கடையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவது நம் வேலை.

கடல் கடந்து போனால் தீருமா? கலிபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது அந்த மாநில அரசின் உரிமைத் துறை 2020 ஜூனில் வழக்குத் தொடர்ந்தது. தலித் பொறியாளர் ஒருவரைச் சாதியைச் சொல்லி ஒதுக்கினார்கள், அவர் புகார் கொடுத்ததும் பழிவாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023இல் இரு மேலாளர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். சாதி அமெரிக்கா வரை போயிருக்கிறது என்பதை அங்குள்ளவர்களே ஒப்புக்கொண்டு வாதாடுகிறார்கள். இங்கே நம் நிறுவனங்களில் பலவோ அந்தச் சொல்லையே உச்சரிப்பதில்லை.

நல்ல சம்பளம் வந்தால் சாதி பின்னால் போய்விடும் என்று நம்புகிற பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் சென்னையில் பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். படிப்பும் சம்பளமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. படித்து முன்னேறு என்று பிள்ளைக்குச் சொன்னால் மட்டும் போதாது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் மென்பொருள் ஊழியரின் கோரிக்கைதான்.

இன்னொன்றை நாம் கவனிக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறோம். அரசு அலுவலகத்தின் கணினி அறையில் ஒரு பணியிடம் இருந்தால் அங்கே 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு, அதற்குள் அருந்ததியருக்கான உள் ஒதுக்கீடும் உண்டு. ஒன்றிய அரசின் 'மேகராஜ்' திட்டம் தனியார் கிளவுட் நிறுவனங்களைப் பட்டியலிட்டு அரசுத் துறைகள் அவற்றிடம் சேவை வாங்க வழி செய்திருக்கிறது. வேலை அங்கே போகும்போது அதைப் பார்க்கும் ஆளும் ஒப்பந்தக்காரரின் ஆளாகிறார். பணியிடம் போகிறது, அதோடு ஒதுக்கீடும் போகிறது. இட ஒதுக்கீட்டை ஒழிக்கிறோம் என்று சொல்லியிருந்தால் தெருவில் இறங்கியிருப்போம். 'கிளவுடுக்கு மாறுகிறோம்' என்றார்கள், கைதட்டினோம்.

ஆகவே நான் முன்வைப்பது இவைதான். அரசுப் பணத்தில் வாங்கும் கணினிச் சேவை எதுவானாலும், அதில் வேலை செய்கிறவர்களுக்கு இட ஒதுக்கீடு ஒப்பந்த நிபந்தனையாக இருக்க வேண்டும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற பழைய கோரிக்கையை மென்பொருள் துறையிலிருந்தே உரக்கக் கேட்க வேண்டும். 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களில் கிளவுட் சான்றிதழ்த் தேர்வுக் கட்டணத்தை ஏழை மாணவர்களுக்கு அரசே கட்ட வேண்டும். நிறுவனங்களின் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகளில் 'சாதி' என்ற சொல் எழுத்தில் இடம்பெற வேண்டும். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேருங்கள். தொழிற்சங்கம் பனியன் கம்பெனிக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள்.

நம்மால் இன்றே செய்ய முடிந்ததும் ஒன்று உண்டு. இந்த வட்டாரத்திலிருந்து மென்பொருள் துறைக்குள் போனவர்கள் இந்த அரங்கிலேயே நான்கைந்து பேர் இருக்கிறோம். சாதிக்காரர்கள் சாதிக்காரர்களுக்கு ரெஃபரல் கொடுக்கிறார்கள் என்றால், நாம் நம் தெருவில் படிக்கிற, யாருடைய சொந்தமும் இல்லாத பிள்ளைக்குக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். இடம் மட்டும் நீங்கள் கொடுங்கள்.