துறைத்தேர்வும் சமத்துவமும்: கேரளத்தின் 13ஏஏ விதி கற்பிப்பது

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்நகரின் வெள்ளையம்பலம் சந்திப்பில் மாமனிதர் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. பொதுச் சாலையில் வில்வண்டியில் செல்லும் உரிமைக்காகவும், ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகள் பள்ளிக்குள் நுழையும் உரிமைக்காகவும் போராடியவர் அவர். பள்ளிக்குள் நுழைவது முதற்படி என்றால், அரசு அலுவலகத்துக்குள் நுழைவது இரண்டாம் படி. நுழைந்தவர் மேலே உயர்வது மூன்றாம் படி. இந்த மூன்றாம் படியைப் பற்றியதே இன்றைய உரை.

கேரள அரசுப் பணியில் கீழ்நிலை எழுத்தர் ஒருவர் மேல்நிலை எழுத்தராவதற்குப் பணிமூப்பு மட்டும் போதாது. துறைத்தேர்வுகளிலும் தேறியிருக்க வேண்டும். பதிவுத்துறையில் இவை கணக்குத் தேர்வு, பதிவுத்துறைத் தேர்வு, அலுவலக நடைமுறைக் கையேட்டுத் தேர்வு என மூன்று. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களில் பெருந்தொகையினர் இத்தேர்வுகளில் தேறாத காரணத்தால் ஆண்டுக்கணக்கில் ஒரே நாற்காலியில் தேங்கிக் கிடந்தனர்.

1972 ஜனவரி 13 அன்று, அச்சுத மேனன் அமைச்சரவைக் காலத்தில், பணி விதிகளில் 13ஏஏ என்னும் புதிய விதி சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே பணியிலுள்ள பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்குத் துறைத்தேர்விலிருந்து குறிப்பிட்ட காலத்திற்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு வழங்கியது. அன்றே இரண்டாண்டு விலக்கு அறிவிக்கப்பட்டது. தேர்வெழுத மேலும் இரு வாய்ப்புகள் கிடைக்கும் வகையில் 1974 ஜனவரியில் அது நீட்டிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தேர்வே வேண்டாம் என்று விதி கூறவில்லை. பதவி உயர்வை இன்று பெற்றுக்கொள், தேர்வை நாளை எழுது என்றுதான் கூறியது. அது அளித்த சலுகை கால அவகாசம் மட்டுமே.

1972இல் பதிவுத்துறையில் நிரப்பப்பட்ட மேல்நிலை எழுத்தர் இடங்கள் 51. அவற்றுள் 34 இடங்களில் தேர்வில் தேறாத பட்டியல் சாதி ஊழியர்கள் அமர்ந்தனர். தேர்வுகள் அனைத்திலும் தேறியிருந்தும் உயர்வு கிடைக்காத எழுத்தர் ஒருவர் உயர்நீதிமன்றம் சென்றார். விதி செல்லாது என 1974இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. கேரள அரசு எதிர் என்.எம்.தாமஸ் என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் வழக்கு இதுவே.

51இல் 34 என்றால் அநீதி போலத் தோன்றும். முழுக் கணக்கைப் பார்த்தால் காட்சி மாறும். உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரப்படி, மாநில மக்கள்தொகையில் இப்பிரிவினர் ஏறத்தாழ 10 சதவீதம். அரசிதழ் பதிவு பெற்ற பணியிடங்கள் 8,780இல் அவர்களுக்குக் கிடைத்திருந்தவை 184. அதாவது 2 சதவீதம். பதிவு பெறாத பணியிடங்கள் 1,62,784இல் 11,437. அதாவது 7 சதவீதம். அடிமட்டத்தில் 7 ஆக இருந்தது மேலே செல்லச் செல்ல 2 ஆகச் சுருங்கியது. வாயில் திறந்திருந்தும் மாடிப்படி அடைபட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

1975 செப்டம்பர் 19 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மையில் ஒருவர், 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அங்கம் வகித்த வி.ஆர்.கிருஷ்ணய்யர். அதுவரை அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு, சமத்துவம் என்னும் பொதுவிதிக்கு ஒரு விலக்கு என்றே கருதப்பட்டு வந்தது. சமமற்றோரைச் சமநிலைக்கு உயர்த்துவது 16(1) பிரிவு கூறும் சமத்துவத்திலேயே அடங்கியுள்ளது என்பது இத்தீர்ப்பின் சாரம். சலுகை என்ற சொல்லின் இடத்தில் உரிமை என்ற சொல் வந்து அமர்ந்தது.

மாறுபட்ட இருவரில் ஒருவர் எச்.ஆர்.கன்னா. அவசரநிலைக் காலத்தில் தனிமனித சுதந்திரத்திற்காகத் தனித்து நின்று தீர்ப்பெழுதியவர். எனவே எதிர்க்கருத்து கொண்டோர் அனைவரையும் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட இயலாது. அவர்களோடு வாதாட வேண்டும். அதே வேளையில், ஒதுக்கீட்டின் பயனைப் பிற்பட்டோரில் மேல்தட்டினரே அள்ளிக்கொள்ளும் அபாயத்தைக் கிருஷ்ணய்யரும் அத்தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டினார்.

போராட்டம் அத்துடன் முடியவில்லை. நிர்வாகத் திறனை வலியுறுத்தும் 335ஆவது பிரிவைக் காரணம் காட்டி, பதவி உயர்வில் மதிப்பெண் தளர்வு கூடாது என்று 1996இல் வினோத்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 1997 ஜூலையில் மத்திய அரசு தளர்வுகளைத் திரும்பப் பெற்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2000இல் நாடாளுமன்றம் 82ஆவது திருத்தத்தின் மூலம் அதே 335ஆவது பிரிவில் தளர்வுக்கு இடமளித்தது. 1996 தீர்ப்பு சரியான சட்டநிலை அன்று என 2014இல் ஐவர் அமர்வு அறிவித்தது. இதற்கிடையே 2006ஆம் ஆண்டின் நாகராஜ் தீர்ப்பு, பதவி உயர்வில் ஒதுக்கீடு அளிக்கப் போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கான புள்ளிவிவரத்தை அரசே காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது. கணக்கெடுக்காத அரசு இவ்வுரிமையைச் சொல்லாமலே மறுத்துவிட முடியும்.

கேரளத்திலும் விழிப்பு தேவைப்பட்டது. கேரள நிர்வாகப் பணி உருவாக்கப்பட்டபோது, ஏற்கெனவே பணியிலிருப்போருக்கான இரு பிரிவுகளில் ஒதுக்கீடு இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே, 2019இல், மூன்று பிரிவுகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியிலும் கேட்டால்தான் கிடைத்தது என்பதைத் தோழர்கள் மறத்தலாகாது.

திறமை என்பதை எவ்வாறு அளப்பது? பதிவு அலுவலகத்தில் பத்தாண்டு ஆவணம் எழுதிய கைக்கு அந்த வேலை தெரியும். மாலையில் வீடு திரும்பிப் படிப்பதற்கு அமைதியான ஓர் அறையும், சொல்லித் தர ஒரு தமையனும், கட்டணம் கட்டப் பணமும் உள்ளவர் முதல் வாய்ப்பிலேயே தேறுகிறார். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவருக்கு மூன்றாம் வாய்ப்பு தேவைப்படுகிறது. தேர்வு அறிவை அளக்கிறது. அந்த அறையையும் சேர்த்தே அளக்கிறது. 13ஏஏ விதி ஈடு செய்ய முயன்றது இந்த வேறுபாட்டைத்தான்.

ஆயினும் தேறியிருந்தும் உயர்வு பெறாத எழுத்தரும் கூலி உழைப்பாளியே. உயர்வு பெற்றவரும் பெறாதவரும் ஒரே சங்கக் கிளையில், ஒரே மேசைக்கு இருபுறமும் அமர்கின்றனர். அவ்விருவரையும் மோதவிடுவது ஆளும் வர்க்கத்திற்கு எளிது. காலியிடங்களை நிரப்பாமல் விடுவதும், நிரந்தரப் பணியை ஒப்பந்தப் பணியாக்குவதும் இருவரின் வாய்ப்பையும் ஒருசேரப் பறிக்கின்றன. இல்லாத பணியிடத்தில் ஒதுக்கீடும் இல்லை, பணிமூப்பும் இல்லை.

ஆகவே ஊழியர் சங்கங்களில் பணியாற்றும் தோழர்களின் கடமைகள் தெளிவானவை. ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு நிலையிலும் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். துறைத்தேர்வுக்குச் சங்க அலுவலகத்திலேயே மாலை வகுப்பு நடத்த வேண்டும். காலியிடங்களை நிரப்பும் கோரிக்கையையும் ஒதுக்கீட்டுக் கோரிக்கையையும் ஒரே மனுவில் எழுத வேண்டும். அம்மனுவில் ஒதுக்கீடு பெறாத ஊழியரின் கையொப்பம் முதலாவதாக இருக்குமானால், வர்க்க ஒற்றுமை அங்கே மெய்யாகவே உருவாகியுள்ளது எனலாம்.